ஒரு முன்னங்கால்

அன்று பேனா எழுதவில்லை.
மைனஸ் முப்பத்தொன்றில் மை கல்லாகிவிடும்,
அதனால் பென்சில்.
நான்காம் மாடி. நீதிபதி ஒயூன்சிமெக்கின் பால்கனி.
கயிற்றில் ஓர் ஆடு, தோலுரித்தது.
அதை நிறுக்க வந்திருந்தேன் நான்,
நீதிமன்ற எழுத்தன்.

மங்கோலியாவில் இது குற்றமே இல்லை.
நவம்பர் பிறந்தால் எல்லாப் பால்கனியிலும்
ஏதோ ஒன்று விறைத்துத் தொங்கும்.
மேய்ச்சல் வெளியிலிருந்து வரும் குளிர்காலக் கறி.
வாங்காமல் கதவைச் சாத்துகிறவனைத்தான்
மனிதனாக யாரும் மதிப்பதில்லை.

அனுப்பியவர் செவெல்மா.
சுரங்கக் கம்பெனி ஆழ்துளை போட்டதில்
அவர் கிணறு வாளிக்கு எட்டாமல் இறங்கிப் போனது.
வழக்கு ஒயூன்சிமெக்கிடம்.
ஆடு ஒயூன்சிமெக்கின் கணவர் தம்தினிடம்.
யார் தந்தது என்று கணவர் சொல்லவில்லை,
மனைவி கேட்கவில்லை.
அந்தக் கேட்காமையைத்தான்
ஒழுங்கு விசாரணைக் குழு இரண்டு நாள் கிளறியது.

தீர்ப்பு சரியானது.
நானே தட்டச்சு செய்தேன், நாற்பத்திரண்டு பக்கம்,
நீர்மட்ட அளவுகள், மண் அறிக்கை, எல்லாம்.
தோற்க வேண்டிய கம்பெனி தோற்றது.
பிறகு ஒரு ஞாயிறு, சூப் கிண்ணத்தைக் கீழே வைத்து,
"எந்தப் பக்கத்து ஆடு இது?" என்றிருக்கிறார் ஒயூன்சிமெக்.
தம்தின் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் விளக்குப் போடும் முன்பே
என் மேசைமுன் நின்றார்.
கையில் தன்மேல் தானே எழுதிய புகார்.
நான் மேசை இழுப்பறையில் எதையோ தேடினேன்.
"முத்திரை உன் இடது கைப் பக்கம் இருக்கிறது" என்றார்.

"ஏழை கொடுத்தது லஞ்சமா?"
குழுவின் முன் தம்தினுக்குக் குரல் உடைந்தது.
"ஏழையின் ஆடும் நாலு காலில்தான் நடந்து வரும்."
அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார் ஒயூன்சிமெக்.
"கம்பெனியின் ஆட்டில் நான் கை நனைத்திருந்தால்
இப்படிக் கேட்பீர்களா?"

தேநீர் இடைவேளையில் குழு உறுப்பினர் ஒருவர்
என் காதருகே, "கொழுத்த வால் இனமா?" என்றார்.
சிரித்து வைத்தேன். பதிவு செய்யவில்லை.
அவர் பால்கனிக்குத் தராசோடு யார் போவது
என்று எனக்குள் எழுந்ததையும்
பதிவு செய்யவில்லை.
இங்கே செய்கிறேன்.

ஆறு மாதம் இருக்கை இல்லை.
தீர்ப்பு ரத்து.
குலுக்கலில் வேறொரு நீதிபதி,
முதல் பக்கத்திலிருந்து மறுபடி கிணறு.

செவெல்மா என் ஜன்னலுக்கு வந்தார்.
"நான் பேசப் பேச அந்தம்மா இருமிக்கொண்டே கேட்டாள்.
அதுவரை என்னை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.
சூப் குடிக்கட்டும் என்றுதான்."
கொஞ்ச நேரம் கையுறையை முறுக்கினார்.
"என் ஆடே என் கிணற்றைக் குடித்துவிட்டதா?"
பதில் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
அதிகாரம் இல்லாதது
அன்று எவ்வளவு வசதியாக இருந்தது.

முப்பத்தொரு கிலோ நானூறு கிராம்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.
தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.
டிரைவர் லக்கேஜ் சீட்டுக் கிழித்தார்.

தின்று தீர்ந்தது ஒரு முன்னங்கால்.
சந்தை விலை விசாரித்து, சில்லறை வரை எண்ணி,
உறையிலிட்டுக் கட்டியிருந்தார் ஒயூன்சிமெக்.
செவெல்மா அதைத் தொடவில்லை.
'மறுத்தார்' என்று எழுதினேன்.
அறைக்குள் என்பதால் பேனாவில்.

இரும்பலமாரியில் இருக்கிறது அந்த உறை.
வழக்கு எண் உண்டு, உரிமையாளர் பத்தி காலி.
ஒவ்வொரு மார்ச்சிலும் தணிக்கைக்காரர் வருகிறார்,
பிரிக்கிறார், எண்ணுகிறார், சரி என்கிறார்,
பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
"இது யாருடைய பணம்?" என்கிறார்.